பெரிய மஞ்சள் யார் பங்குக்கு

மதிப்புப் போட வந்தவர் முதலில் கேட்டது ஒரு ஸ்டூல். அதில் ஏறி நின்று, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, படத்தின் மேல் விளிம்பை முகர்ந்து பார்ப்பதுபோலக் கிட்டத்தில் பார்த்தார்.

"இதை எப்பவாவது ஈரத்துணியால துடைச்சீங்களா மேடம்?"

"இல்ல சார். காஞ்ச துணியால தூசி தட்டுவேன்," என்றாள் ரோகிணி.

"அதுவும் வேண்டாம்."

"அப்ப தூசி?"

"இருந்துட்டுப் போகட்டும்."

ரோகிணிக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. தபால் ஆபீஸில் முப்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து எழுந்தவள் அவள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு எப்போதும் ஒரு மரியாதை.

அவர் பெயர் அனந்தநாராயணன். பிறந்தது வடக்கு மாசி வீதி, பிழைப்பு சென்னையில். யாருடைய ஓவியம் எவ்வளவு பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது தொழில். பாகப்பிரிவினை, இன்சூரன்ஸ் என்று எதற்காவது யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களாம். கோச்சடையில் ரோகிணியின் வீட்டுக்கு அவர் வந்தது பாகப்பிரிவினைக்காக.

ரோகிணியின் கணவர் அழகுமலை காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் வரைந்த படத்தில் மரம் இருக்காது, மாடு இருக்காது, மனுசன் இருக்க மாட்டான். நிறம் மட்டும் இருக்கும். "உங்க வீட்டுக்காரர் இன்னும் அடியில பூசிக்கிட்டே இருக்காரா, படத்த எப்பப் போடுவாரு?" என்று கேட்ட அக்கம்பக்கத்தார் உண்டு. வீடு ரோகிணி பெயரில். அழகுமலை பெயரில் இருந்த சொத்து என்று பார்த்தால் படங்கள்தான். முன்னறைச் சுவரில் தொங்கும் பெரிய மஞ்சள் ஒன்று. பின்னறையில் அடுக்கியிருக்கும் சாம்பல், கறுப்பு நிறப் படங்கள் பத்தொன்பது.

வாரிசு இரண்டு பேர், அவளும் மகன் ஜெயபாண்டியும். மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஜெயபாண்டி ஒன்றும் கெட்ட பிள்ளை இல்லை. "அம்மா, நாளப்பின்ன உனக்கும் எனக்கும் ஒரு பேச்சு வந்துரக் கூடாது. இப்பவே எழுதிருவோம்," என்று அவன்தான் ஆரம்பித்தான்.

"எனக்குப் பெரிய மஞ்சள் மட்டும் போதும்ப்பா. மத்ததெல்லாம் நீ எடுத்துக்க."

"சமமா வந்தாச் சரிம்மா. வராட்டி?"

"வராட்டி என்ன?"

"கொறஞ்ச பக்கத்துக்கு மத்தவங்க காசா குடுக்கணும். முடியாட்டி வித்துப் பிரிச்சுக்கிற வேண்டியதுதான். அதான மொற."

முறைதான். அவளால் மறுக்க முடியவில்லை.

அந்தப் படத்தின் மேல் அவளுக்கு ஏன் அப்படி ஒரு பிடிப்பு என்று ஜெயபாண்டிக்குத் தெரியாது. சொல்லும்படியாகப் பெரிய கதையும் இல்லை. மற்ற படங்களை அழகுமலை அவளிடம் காட்டியதே கிடையாது. இந்த ஒன்றை வரைந்தபோது மட்டும் தினமும் சாயங்காலம் அவள் ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"முடிஞ்சிருச்சா, பாரு."

"எனக்கு என்ன தெரியும்? பால் வாங்கிட்டீங்களா?"

மறுநாளும் அதே கேள்வி. ஒருநாள் அவள் கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தவள், "போதும்ங்க. இதுக்கு மேல தொட்டீங்கன்னா கெட்டுப்போகும்," என்று சொல்லிவிட்டாள். அவர் எழுந்துபோய்ப் பிரஷ்ஷைக் கழுவி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சை அவர் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அனந்தநாராயணன் ஸ்டூலிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயபாண்டி கடையை மூடிவிட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எதை வச்சு சார் வெல போடுவீங்க?" என்று கேட்டான். "ஒரு பேட்டரின்னா இத்தன ஆம்பியர், இத்தன வருஷம் வாரண்டின்னு இருக்கு. இதுல என்ன இருக்கு?"

"ஏலம்தான் சார் ஆதாரம். இந்த ஓவியரோட படம் இதுக்கு முன்னாடி ஏலத்துல என்ன விலைக்குப் போச்சு, எந்த வருஷப் படம், என்ன அளவுன்னு பார்ப்போம். அதுலேர்ந்து சதுர அடிக்கு இவ்வளவுன்னு எடுப்போம்."

"கடையில வித்த வெலைய வச்சுப் போட முடியாதா?"

"கடையில அவங்க சொன்னதுதான் விலை. வாங்கறவர் தெரிஞ்சவரா இருப்பார், தாட்சண்யம் இருக்கும். ஏலத்துல அப்படி இல்லை. ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரியாத ரெண்டு பேர் போட்டி போட்டு ஒரு இடத்துல நிப்பாங்க. அந்த இடம் பொய் சொல்லாது."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பூஜை அறையில் பேசுகிறவரின் பணிவு வந்தது.

"அழகுமலை சார் படம் நாலு தடவைதான் ஏலத்துக்கு வந்திருக்கு. மூணு சாம்பல் படம். மூணுமே மூணு லட்சத்தை ஒட்டிப் போச்சு. நாலாவது, போன வருஷம் மும்பையில. மூணடிக்கு மூணடி மஞ்சள். சென்னையில ஒரு கண் டாக்டர்கிட்ட இருந்தது. அது பன்னெண்டு லட்சத்துக்குப் போச்சு."

"பேப்பர்ல போட்டிருந்துச்சு சார்," என்றான் ஜெயபாண்டி. "கடையில ஒட்டி வச்சிருக்கேன்."

"மஞ்சள்ல அவர் ரெண்டே ரெண்டு படம்தான் பண்ணியிருக்கார். சின்னது அது. இது அதைவிட ரெண்டு பங்கு பெரிசு. அளவு கூடும்போது கொஞ்சம் கழிப்போம். அப்படிப் பார்த்தா இருபத்திரண்டு வருது. பின்னறையில இருக்கற பத்தொன்பதும் சிறுசு, நிறையக் காகிதத்துல பண்ணினது. எல்லாம் சேர்த்துப் பதினொண்ணு."

ஜெயபாண்டி மனசுக்குள் கூட்டிக் கழித்துவிட்டான் என்று அவன் முகத்தைப் பார்த்ததுமே ரோகிணிக்குத் தெரிந்தது. மொத்தம் முப்பத்துமூன்று. ஆளுக்குப் பதினாறரை. பெரிய மஞ்சளை அவள் வைத்துக்கொள்ள வேண்டுமானால் மகனுக்கு ஐந்தரை லட்சம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பென்ஷன்காரிக்கு அது நடக்கிற காரியமா?

"அம்மா," என்றான் அவன், அவளைப் பார்க்காமல். "அப்ப இத வித்துத்தான் ஆகணும். நானா வெல போட்டேன்?"

"நீ போடலப்பா."

"விக்கும்போது இன்னும் கூடப் போனாலும் போகும். உனக்கும்தான் நல்லது."

"எனக்கு நல்லதுதான்," என்றாள் ரோகிணி. குரல் ஆபீஸ் கவுண்டரிலிருந்து வருவதுபோல இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு சுமை வேன் வந்து நின்றது. இளநீர்க் குலையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தவர் முத்துப்பாண்டி, அழகுமலையின் தம்பி. செக்கானூரணிப் பக்கம் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். அவர் வந்தால் வீட்டுக்குள் நாலு பேர் வந்த மாதிரி இருக்கும்.

"மதினி, அருவா எங்க? சாருக்கு ஒண்ணு சீவுவோம். என்னடா மகனே, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? வெல போட்டாச்சா?"

"போட்டாச்சு சித்தப்பா. இருபத்திரண்டு."

"எது, இந்த மஞ்சளா?" முத்துப்பாண்டி குலையை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்துக்கு முன்னால் நின்றார். "அப்படிச் சொல்லு. எங்கண்ணன் வெறும் ஆளா? அம்புட்டும் அந்தச் சின்ன மஞ்சள் கொண்டுவந்து விட்ட மரியாத சார்."

"ஆமா, அதுதான் அடிப்படை," என்றார் அனந்தநாராயணன். "வாங்கினவர் யாருன்னு தெரியலை. ஏலக் கம்பெனியில சொல்ல மாட்டாங்க. விஷயம் தெரிஞ்ச ஆளா இருக்கணும். கடைசி வரைக்கும் ரெண்டு பேர் விடாம ஏத்தியிருக்காங்க."

முத்துப்பாண்டி சிரித்தார். வெற்றிலைக் கறை படிந்த பல் முழுக்கத் தெரிய, கல்யாண வீட்டில் பந்தியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"ஏன் சார் தெரியாது? உங்க முன்னாடிதான நிக்கிறான்."

"யார்?"

"நான்தான் சார் எடுத்தேன். எங்க புது வீட்டு நடுக்கூடத்துல மாட்டியிருக்கு. தை மாசம் பால் காச்சும்போது மதினி வந்து பாக்கட்டும்னு வாயத் தொறக்காம இருந்தேன். நீங்க பேச்செடுத்து வாயக் கிண்டிட்டீங்க."

ரோகிணி எழுந்துவிட்டாள். "தம்பி, என்ன சொல்றீங்க?"

"ஆமா மதினி. அண்ணன் படம் மும்பையில ஏலத்துக்கு வருதுன்னு பேப்பர்ல பாத்தேன். போன்லயே ஏலம் கேக்கலாம்னாங்க. பேரு, அட்ரஸ், பேங்க் விவரம் எல்லாம் குடுத்துப் பதிஞ்சேன். முறையாத்தான் சார் பண்ணுனேன்."

"சரி," என்றார் அனந்தநாராயணன் மெதுவாக. "உங்களை எதிர்த்து இன்னொருத்தர் கேட்டாரே, அவர் யாரோ மும்பைக்காரரா?"

"அது நம்ம அருள்பாண்டி சார். எம் பொண்டாட்டி கூடப்பொறந்தவன். மண்டியில எம் பக்கத்துல பெஞ்சுலதான் உக்காந்திருந்தான். அவனுக்கு ஒரு போன், எனக்கு ஒரு போன்."

அனந்தநாராயணன் கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார்.

"ஏன்?"

"ஏன்னு கேட்டா என்ன சார் சொல்ல? மொத கேள்வி ரெண்டரைன்னு ஆரம்பிச்சாங்க. ஒரு ஆளு மூணுன்னான். அப்புறம் ஒரு பய வாயத் தொறக்கல. நான் மூணரைன்னு எடுத்துட்டா முடிஞ்சுபோகும். எங்கண்ணன் பொருள நாதியத்த பொருள் மாதிரி மூணரைக்கா எடுக்கிறது? மாப்ள, நீ ஒரு ரெண்டு தடவ ஏத்துடான்னேன். அவன் நாலுன்னான். நான் அஞ்சுன்னேன். அவனுக்கும் ரோசம் வந்துருச்சு. ஒங்கண்ணன் எனக்கும் மாமன் மொறதானய்யா, நான் மட்டும் எளப்பமான்னு ஏத்துறான், ஏத்துறான், நிப்பாட்ட மாட்டேங்கிறான். கடைசில அவன் கைய நான் புடிச்சுக்கிட்டேன்."

ஜெயபாண்டி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் சிரிக்கிறானா என்ன என்று ரோகிணிக்குத் தெரியவில்லை.

"மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு நம்ம குலசாமி கோயில்ல ஏலம் விடுவாங்கல்ல மதினி," என்று முத்துப்பாண்டி அவளைச் சாட்சிக்கு இழுத்தார். "வேல்ல குத்துன எலுமிச்சம்பழம். அத அஞ்சு ரூபாய்க்கா கேப்போம்? போன வருஷம் அருள்பாண்டி ஒத்தப் பழத்த நாப்பதாயிரத்துக்கு எடுத்தான். பங்காளிக ஏத்தி ஏத்தி விட்டோம். கொறஞ்ச வெலைக்குப் போனா சாமிக்குத்தான கொறச்சல்?"

"அது சாமிக்குப் போற காசு தம்பி," என்றாள் ரோகிணி. "இது அந்தக் கண் டாக்டருக்குல்ல போயிருக்கு."

முத்துப்பாண்டி இதை யோசித்ததில்லை போல. துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டார்.

"நல்ல மனுசனாத்தான் இருப்பாரு," என்றார்.

அனந்தநாராயணன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு கேட்டார்: "படம் இப்ப எப்படி இருக்கு?"

"ராஜா மாதிரி இருக்கு சார். ஏலத்துல எடுத்த பொருள வெறும்னே மாட்டக் கூடாதுன்னு சந்தனம் குங்குமம் வச்சேன்."

"எங்கே வச்சீங்க? கேன்வாஸ் மேலயா?"

"ஓரத்துலதான் சார். சின்னதா."

மதிப்பிடுகிறவர் கண்ணை மூடித் திறந்தார். கோபம் என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சேதி கேட்டவர் முகம் போல இருந்தது. "சார், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த விலையை இனிமே நான் கணக்குல சேர்க்க முடியாது. ஒரே குடும்பத்து ரெண்டு பேர், ஒரே பெஞ்சு. மூணுக்கு மேல அங்க வெளி ஆளே இல்லை."

"காசு குடுத்திருக்கேன் சார். கமிஷன் தனியா அழுதிருக்கேன்."

"குடுத்தீங்க. அது நிஜம். ஆனா அந்தப் படம் மார்க்கெட்டுல மூணு, மூணரை. அதுதான் பெறும்."

"நான் என்ன விக்கவா வாங்குனேன்?" என்றார் முத்துப்பாண்டி. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்ப அண்ணன் பேரு எறங்கிருமா?"

அனந்தநாராயணன் பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தார். மறுபடி கணக்குப் போட்டார். பெரிய மஞ்சள் இப்போது ஆறு.

ஆறு என்றதும் ரோகிணியும் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆறும் பதினொன்றும் பதினேழு. அவள் பங்கு எட்டரை. பெரிய மஞ்சள் அதற்குள் அடங்கிவிடும், மேலே நாலைந்து சாம்பல் படமும் வரும்.

ஜெயபாண்டி முகத்திலிருந்து கையை எடுத்தான். அவன் சிரிக்கவில்லை.

"சார், இருபத்திரண்டும் பொய், ஆறும் ஒரு கணக்குத்தான? உண்மையான வெலைதான் என்ன?"

"ஏலத்துக்கு விட்டாத்தான் சொல்ல முடியும்."

"அப்ப விட்ருவோம். கெடைக்கிறது கெடைக்கட்டும், பாதிப் பாதி."

"ஜெயபாண்டி," என்றாள் ரோகிணி.

"நான் கடைய விரிக்கணும்மா. பக்கத்துக் கடை காலியாகுது. கொஞ்சம் முன்னாடி பதினாறுன்னாங்க, இப்ப எட்டுங்கிறாங்க. ஒரு தடவ வெளிய விட்டுப் பாக்கிறதுல என்ன தப்பு? கூடப் போனா ஒனக்கும்தான லாபம்?"

"போய்ட்டா திரும்ப வருமாப்பா?"

அவன் விட்டுக்கொடுக்கிறவனாக இல்லை. முத்துப்பாண்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவுக்கும் தான்தான் காரணம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். இளநீர்க் குலைக்குப் பக்கத்தில் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"மகனே, எங்கய்யா செத்த பெறகு கெணத்த நாங்க எப்படிப் பிரிச்சோம் தெரியுமா? ரெண்டா வெட்டவா முடியும்? அண்ணனும் நானும் வீட்டுக்குள்ளயே ஏலம் கேட்டோம். கூடக் கேட்டவருக்குக் கெணறு, மத்தவருக்கு அந்த வெலைக்கு வேற சொத்து. நான் ஒரு தடவ கேட்டேன். அண்ணன் மேல ஏத்தவே இல்ல. உனக்குத்தான்டா வெவசாயம், வச்சுக்கன்னுட்டாரு. ஒண்ணுமில்லாத வெலைக்கு எனக்குக் கெணறு வந்துச்சு. அந்தத் தண்ணியிலதான் என் தோப்பு நிக்கிது." சற்று நிறுத்தினார். "மும்பையில நான் ஏத்துனது அந்தக் கடனுக்குத்தான். சாரு அடிச்சுட்டாரு. போகட்டும். நீயும் உங்காத்தாளும் இப்ப இங்க கேளுங்க. வெளிய எதுக்கு விடணும்?"

ஜெயபாண்டி மதிப்பிடுகிறவரைப் பார்த்தான். "இது செல்லுமா சார்?"

"வாரிசு ரெண்டு பேரும் சம்மதிச்சா, பத்திரத்துல எந்த விலையும் எழுதலாம். மத்த படங்களோட விலை பதினொண்ணுங்கறது மாறாது. பெரிய மஞ்சள் பதினொண்ணு வரைக்கும் போனா, அம்மா கையிலேர்ந்து குடுக்க வேண்டியதில்லை. அது அவங்களுக்கு, மத்ததெல்லாம் உங்களுக்கு. பதினொண்ணைத் தாண்டினா அம்மா காசு போடணும்."

"சரி," என்றான் ஜெயபாண்டி. "கேளும்மா."

முத்துப்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். கோயில் ஏலம் கூறி வளர்ந்த தொண்டை. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அழகுமலை வரைஞ்ச பெரிய மஞ்சள். மதினி கேள்வி என்ன?"

"ஆறு," என்றாள் ரோகிணி.

"ஏழு," என்றான் ஜெயபாண்டி.

"ஏழரை."

"எட்டு."

"எட்டரை."

"ஒம்பது."

ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பின்னறையிலிருந்து ஒரு சாம்பல் படம் அவள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. சேலைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினொண்ணு," என்றாள். "மத்தது அம்புட்டையும் நீ கொண்டுபோ."

ஜெயபாண்டி வாயைத் திறந்தான். பன்னிரண்டு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். அதற்குமேல் அவள் ஏற்ற முடியாது என்பது அந்த அறையிலிருந்த நாலு பேருக்கும் தெரியும்.

"ஒருதரம்," என்று இழுத்தார் முத்துப்பாண்டி, அவனைச் சாடையாகப் பார்த்துக்கொண்டே. "ஒருதரம். ஏப்பா, ஒங்கய்யன் பேருக்கு ஒரு ஏத்து ஏத்தலாம்ல?"

ரோகிணி படத்தைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"போதும்ப்பா," என்றாள்.

கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. பால் வாங்கியாச்சா என்று கேட்கிற குரல்தான். ஜெயபாண்டி திறந்த வாயை மூடிக்கொண்டான். பெரிய மஞ்சளைப் பார்த்தான். செல்போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"நான் ஏத்தல சித்தப்பா."

"ரெண்டுதரம்," என்றார் முத்துப்பாண்டி. அருள்பாண்டியாவது வாசல் வழியே வந்துவிட மாட்டானா என்பதுபோல வெளியே பார்த்தார். "ரெண்டுதரம். ரெண்டே..."

"அண்ணே, முடிச்சிருங்க," என்றார் அனந்தநாராயணன்.

"மூணுதரம்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம். ஜெயபாண்டி பின்னறைக்குப் போய்ப் படங்களை எண்ணினான். எதை எப்போது எடுத்துப்போவது என்று அம்மாவிடம் கேட்டான். "மழைக்கு முன்னால எடுத்துரு, அந்த ரூம்ல ஒழுகுது," என்றாள் அவள். சாம்பலை எல்லாம் ஒரேயடியாக ஏலத்துக்கு விட்டால் விலை இறங்கும், ஒவ்வொன்றாக விடச் சொல்லி அனந்தநாராயணன் அவனுக்கு யோசனை சொன்னார். அவன் கேட்டுக்கொண்டான். போகிறபோது, "கோவமாம்மா?" என்றான். "கோவிச்சுக்கிட்டு எங்க போறது? நாளைக்கு வரும்போது கருவேப்பில வாங்கிட்டு வா," என்றாள்.

அனந்தநாராயணன் இளநீரைக் குடித்து முடித்தார்.

"மேடம், இந்தப் பதினொண்ணையும் நான் எங்கேயும் ஆதாரமா எழுத முடியாது. குடும்பத்துக்குள்ள போன விலை."

"எழுத வேணாம் சார்."

"ஆறு பெறுற படத்துக்குப் பதினொண்ணு குடுத்திருக்கீங்க."

"எங்க கொழுந்தனார் மூணரைக்குப் பன்னெண்டு குடுத்தாரு. அதுக்கு நான் தேவலையில்ல?"

மதிப்பிடுகிறவர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

அடுப்படிக்குள் எதையோ உருட்டிக்கொண்டிருந்த முத்துப்பாண்டி ஒரு கிண்ணத்தோடு வெளியே வந்தார். சாமி அலமாரியிலிருந்து எடுத்துக் குழைத்த சந்தனம்.

"மதினி, என்ன இருந்தாலும் ஏலத்துல எடுத்த பொருளு. வெறும்னே விடக் கூடாது."

அனந்தநாராயணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஸ்டூலைக் காலால் நகர்த்திப் படத்துக்கும் முத்துப்பாண்டிக்கும் நடுவில் போட்டார்.

ரோகிணி கொழுந்தனின் கையைப் பிடித்துப் படத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோனாள்.

"சுவத்துல வைங்க தம்பி," என்றாள்.